ஐடியா வரலையா? ₹ குறியீடு பிறந்த விதம் காட்டும் வழி

சான்பாடாவில் டீக்குக் காசு அனுப்ப போனை எடுத்தால், திரையில் ₹ தெரியும். அதை வடிவமைத்தவர் கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார். மும்பை பவாய் ஐஐடி-யில் தமிழ் எழுத்துருக்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர்.

தேவநாகரி 'ர' எழுத்தையும், செங்குத்துக் கோடு இல்லாத ஆங்கில 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக்கினார். மேலே உள்ள இரண்டு கோடுகள் மூவண்ணக் கொடியை நினைவூட்டும். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் தந்தது.

தினமும் எல்லோர் கண்ணிலும் படும் எழுத்துகள்தான் அவருக்கு மூலப்பொருள். நீங்கள் பின்டரெஸ்டை மட்டும் ஸ்க்ரோல் பண்ணிக்கொண்டிருந்தால், மற்றவர்கள் பார்ப்பதையேதான் வரைவீர்கள். அடுத்த முறை ஐடியா வராமல் திணறினால், தாராவிப் பக்கம் போய் தமிழ்க் கடைப் பலகைகளைக் கவனிங்க. பிடித்த ஒரு எழுத்தைக் கையால் பத்து முறை வரைந்து பாருங்க. அதன் வளைவு எங்கே தொடங்குது, எங்கே முடியுதுன்னு அப்போதான் பிடிபடும்.