‘படிப்பு ஏறாத’ பிள்ளைகள்: சப்ரகமுவத் தோட்டங்களின் பழைய கணக்கு

“தோட்டத்துப் புள்ளைகளுக்குப் படிப்புல ஆர்வம் இல்ல சேர்.” இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் படிப்பிக்கும் எவருக்கும் இது காதில் விழாமல் இருக்காது. நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஆர்வம் என்பது பிள்ளை பிறக்கும்போதே கொண்டுவரும் சாமானா? அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. ஆறு வயது முதல் பத்து வயது வரை மட்டுந்தான். அதற்கு மேல் பேர் பதிந்து கொழுந்துக்கோ இறப்பர் மரத்துக்கோ போகலாம். பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு எடுத்தது. பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் அப்போதும் துரைமார் கையிலேயே கிடந்தன. தோட்டங்கள் தேசியமயமாகி, 1977க்குப் பிறகுதான் அவை அரசுக்கு வந்து சேர்ந்தன.

இடையில் 1948இல் குடியுரிமை போனது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தார்கள். எந்த நாட்டுக்குப் போவோம் என்று தெரியாத வீட்டில் “படிச்சு என்ன ஆகப்போற?” என்று தகப்பன் கேட்டால், அது சோம்பேறிப் பேச்சா? 1977, 1981, 1983 வன்செயல்களின் அடி வேறு.

இங்கேதான் உளவியல் உதவுகிறது. 1967இல் செலிக்மனும் மாயரும் நடத்திய பரிசோதனையில், எதைச் செய்தும் வலியை நிறுத்த முடியாத பிராணிகள், பிறகு தப்ப வழி இருந்தும் பெரும்பாலும் அசையாமல் கிடந்தன. ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று அதற்குப் பேர் வைத்தார்கள். ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள்: நீண்ட துன்பத்தில் அசையாதிருப்பதே உடலின் இயல்பு, ‘என் கையில் ஏதோ இருக்கிறது’ என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாடத்தை யாரோ ஒருவர் படிப்பிக்கத்தான் வேண்டும்.

நமக்கு இது முற்றிலும் புதிய செய்தியுமல்ல. 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் (ரஹ்), மாணவரைக் கடுமையாக நடத்தினால் உற்சாகம் போய்ச் சோம்பலும் பொய்யும் வந்து சேரும் என்கிறார். அதோடு நில்லாமல், பிறர் அடக்குமுறையின் கீழ் வாழ்ந்த சமூகங்களுக்கும் இதே கதிதான் என்கிறார். பிரம்பையும் ஆட்சியையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்த அறிஞர் அவர். பிரட்டுக் களத்தையும் லயத்தையும் அவர் கண்டதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைத் தெஹியோவிட்டையிலிருந்தோ இறக்குவானையிலிருந்தோ வாசித்தால் நமக்கு வேறு விளக்கவுரை தேவைப்படாது.

பண்டூரா 1977இல் எழுதியது இன்னொன்று. ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் அறிவுரையால் அதிகம் வளராது. தானே ஒன்றைச் செய்து முடிப்பதாலும், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதாலும் வளரும். எண்பதுகளுக்குப் பிறகு தோட்டத்து இளைஞர்களையே தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியராக நியமித்ததை வெறும் தொழில் வாய்ப்பாகவே பேசுகிறோம். பக்கத்து லயத்து அக்கா சேலை கட்டிக்கொண்டு வெண்கட்டியோடு நிற்பதைக் கண்ட பிள்ளைக்கு அது வேறு கணக்கு. ஆனால் அந்த அக்காவும் ஆசிரியையாகி நாலு வருடத்தில் “இதுகளுக்கு ஏறாது” என்று சொல்லத் தொடங்கினால் நியமனத்தால் பயனில்லை. அதுவும் நடக்கிறது.

கட்டுரைப் பாடத்தில் வெறுந்தாளைத் தரும் பையன் ஒருவன் எனக்கு இருந்தான். ‘நான் கண்ட கடற்கரை’ என்பது நான் கொடுத்த தலைப்பு. கடலைக் கண்டிராத பையனுக்கு! அவனுக்கு ஏற்கெனவே தெரிந்தது எது என்று கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குங்கள் என்று ஓசுபெல் 1968இல் எழுதியதைப் பயிற்சிக் கலாசாலையில் மனனம் செய்து புள்ளி வாங்கியவன்தான் நான். பிறகு ஒருநாள் ‘பால் வெட்டு’ என்று தலைப்பை மாற்றினேன். விடியற்காலைக் குளிரில் பால் நன்றாக ஓடுவது, கத்தி ஆழமாகப் பட்டால் மரம் கெடுவது, சிரட்டையை வைக்கும் விதம், மழை வந்தால் அன்றைக்கு அம்மாவின் சம்பளம் போவது என்று ஒன்றரைப் பக்கம் எழுதினான். ஒற்றுப்பிழைகள் நிறைய இருந்தன. அன்று சிவப்புப் பேனையை எடுக்கவில்லை.