பெயர் மாற்றம் (மலேசியத் தமிழ் முஸ்லிம்கள்)
பாரோய் உள்ளிட்ட நெகிரி செம்பிலான் ஊர்களிலும் மலேசியாவின் பிற பகுதிகளிலும் இஸ்லாத்தைத் தழுவுவோர், அடையாள அட்டையில் 'அனாக் லெலாக்கி முனியாண்டி' (முனியாண்டியின் மகன்) என்றிருந்ததை 'பின் அப்துல்லா' (அப்துல்லாவின் மகன்) என மாற்றுவதுண்டு. இது வழக்கமே, மார்க்கக் கடமையன்று. வளர்ப்புப் பிள்ளையைக்கூடப் பெற்ற தந்தையின் பெயரால் அழைக்கச் சொல்கிறது குர்ஆன் (33:5). உமர், கதீஜா முதலியோர் பழைய பெயர்களோடுதான் வாழ்ந்தனர். நபிகள் நாயகம் பெயர்களை மாற்றினாரே எனலாம். மாற்றினார், கீழ்ப்படியாதவள் எனப் பொருள்படும் ஆஸியாவை ஜமீலா ஆக்கினார். ஆனால் கரடுமுரடு எனப் பொருள்படும் ஹஸ்ன் என்பவர், தந்தை இட்ட பெயரை விடமாட்டேன் என்றபோது வற்புறுத்தவில்லை. புகாரி நபிமொழித் தொகுப்பில் இச்செய்தி உள்ளது. அன்பரசன், செல்வி போன்ற பெயர்களுக்குத் தடையில்லை. சிவதாசன் வேறு: இறைவனல்லாத ஒன்றுக்கு அடிமை எனச் சொல்லும் பெயரை அறிஞர்கள் ஏற்பதில்லை. தந்தை பெயர் முனியாண்டி என்றால்? அது மகனின் நம்பிக்கையன்று, வம்சாவளி. நபிகளின் பாட்டனார் அப்துல் முத்தலிபின் தந்தை ஹாஷிம், அவர் தந்தை அப்து மனாஃப். அந்தப் பெயர் ஒரு சிலையின் பெயரால் வந்தது. நபிகளின் வம்சாவளியில் அப்படியே நிற்கிறது.