இந்த ஈயம் யார் வைத்தது?

நான் ஈயக்கோடு கீறுகிறவன். இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைக் கழற்றித் திருத்தும் ஒரு பட்டறை, ஒவ்வொரு பலகத்தையும் வெளிச்சப் பெட்டியில் வைத்துப் படமெடுத்து எனக்கு அனுப்பும். கண்ணாடித் துண்டுகளைக் கவ்வியிருக்கும் ஈயப் பட்டிகள், வெடிப்புகள், சாயம் உதிர்ந்த இடங்கள் எல்லாவற்றையும் கணினியில் தனித்தனி அடுக்காகக் கீறித் திருப்பி அனுப்புவேன். மாரியில் இங்கே கிழக்கிலங்கையில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து, சவளக்கடையிலிருந்து கல்முனைக்குப் போக வழியில்லாத நாட்களிலும் படம் வந்துவிடும். "சேர்ச் கண்ணாடிக்கும் நமக்கும் என்ன மச்சான் சம்பந்தம்?" என்று தங்கையின் மாப்பிள்ளை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். சம்பளம் என்பது முதல் பதில். அடுத்த பதில் கொஞ்சம் நீளம்.

இப்போது பட்டறைக்கு ஒரு மென்பொருள் வந்திருக்கிறது. படத்தைக் கொடுத்தால் கோட்டைத் தானே கீறுகிறது. நான் அரை நாள் குந்தியிருந்து செய்வதைச் சில நிமிடங்களில் முடிக்கிறது. அது வந்த பிறகுதான் இந்தக் கீறும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். இந்தத் தொழில் தன் ஆயுளில் பெரும்பகுதியை எதையும் எழுதி வைக்காமலே ஓட்டியிருக்கிறது.

12ஆம் நூற்றாண்டில் தியோபிலஸ் என்ற பெயரில் எழுதிய துறவி ஒருவர் செய்முறையைச் சொல்கிறார். சாளரத்தின் அளவுக்கு ஒரு மரப்பலகை எடுக்க வேண்டும். அதன் மேல் சுண்ணக்கட்டியைச் சுரண்டித் தூவி, தண்ணீர் தெளித்து, துணியால் தேய்த்து வெள்ளையாக்க வேண்டும். காய்ந்ததும் ஈயத்தாலோ வெள்ளீயத்தாலோ உருவங்களைக் கீறி, ஒவ்வொரு துண்டுக்கும் நிறத்தைச் சொல்ல ஓர் எழுத்துப் போட வேண்டும். அந்தப் பலகையின் மேல் வைத்தே கண்ணாடியை வெட்டினார்கள். அதன் மேலேயே ஈயமும் கோத்தார்கள். வரைபடமும் அதுதான், வேலை மேசையும் அதுதான். அடுத்த சாளரம் வந்தால் பழையதை அழித்து மறுபடி வெள்ளை பூசுவார்கள். ஸ்பெயினில் ஜிரோனா பேராலயத்தின் 14ஆம் நூற்றாண்டுப் பலகைகள் சில தப்பியிருக்கின்றன. ஒரு படத்தின் மேல் இன்னொரு படம், நிறக் குறிகள், ஆணி அறைந்த துளைகள். படங்களில் அவற்றைப் பார்த்தபோது என் கணினித் திரையின் அடுக்குகள்தான் ஞாபகம் வந்தன. ஒரே வித்தியாசம், அவர்கள் கீழ் அடுக்கைச் சேமிக்க நினைக்கவில்லை.

காசுக் கணக்கு மட்டும் எப்போதும் பத்திரமாக இருக்கும். யோர்க் பேராலயத்தின் பெரிய கிழக்குச் சாளரத்துக்கு 1405இல் கொவென்ட்ரி ஊர் ஜோன் தோர்ன்டனுடன் ஒப்பந்தம் செய்தார்கள். வாரத்துக்கு 4 ஷில்லிங், வருடத்துக்கு 5 பவுண், மூன்று வருடத்தில் முடித்தால் இன்னும் 10 பவுண்; எல்லாமாக 56 பவுண். மனிதர் சொன்னபடி முடித்து, உச்சியில் 1408 என்று ஆண்டையும் போட்டார். எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று சொல்லும் தாள் ஒன்றும் நம் கைக்கு வரவில்லை.

எழுதி வைக்காததன் விலை என்ன என்பதற்கு வின்செஸ்டர் கல்லூரியை விட நல்ல கதை கிடையாது. அதன் சிற்றாலயத்தில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒக்ஸ்போர்ட் தோமஸ் என்ற கலைஞர் செய்த கண்ணாடி இருந்தது. 1820களில் அதைத் திருத்துவதற்காக ஷ்ரூஸ்பரியிலிருந்த பெட்டன்–எவன்ஸ் பட்டறைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தது பளபளவென்ற புதுக் கண்ணாடி. பட்டறைக்காரர்கள் பிரதி செய்து அனுப்பிவிட்டு மூலத்தைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். அது பிறகு கைமாறிச் சிதறியது. சில உருவங்கள் விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகத்துக்குப் போயின; சில 20ஆம் நூற்றாண்டில் கல்லூரிக்கே மீண்டு வந்தன. வேடிக்கை என்னவென்றால், மூலம் முழுதாக இருந்தபோது எப்படி இருந்தது என்று அறிய இன்று அந்தப் பிரதியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏமாற்றியவர்களே ஆவணமும் விட்டுப் போயிருக்கிறார்கள்.

அதே 19ஆம் நூற்றாண்டில் சாள்ஸ் வின்ஸ்டன் என்றொரு சட்டத்தரணி, ஓய்வு நேரங்களில் ஊர் ஊராகப் போய்ப் பழைய கண்ணாடிகளைப் பார்த்து நீர்வண்ணத்தில் படியெடுத்தார். 1847இல் புத்தகமும் எழுதினார். அவருடைய படங்கள் பொதுச் சேகரிப்பில் சேர்ந்து இன்றும் இருக்கின்றன. தொழிலுக்கு வெளியே நின்ற மனிதர் என்பதால்தான் அவருக்கு அந்தப் பொறுமை வாய்த்தது என்பது என் எண்ணம். பட்டறைக்காரனுக்கு அடுத்த வேலை காத்திருக்கும்.

பட்டறைக்குள் வந்த பதிவு முறை எளிமையானது. மெல்லிய தாளைப் பலகத்தின் மேல் விரித்து மெழுகுக் கரியால் தேய்ப்பார்கள். சின்ன வயதில் சில்லறைக் காசின் மேல் கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதேதான். மேடான ஈயம் கறுப்பாக விழும். பலகத்தைப் பிரித்தபின் துண்டுகளை அந்தத் தாளின் மேல் அடுக்கி வைத்தால் இடம் மாறாது.

பெரிய அளவில் பதிவு வந்தது பயத்தால். இரண்டாம் உலகப் போர் மூளும்போது ஐரோப்பா முழுக்கச் சாளரங்களை இறக்கிப் பெட்டிகளில் ஒளித்தார்கள். யோர்க்கில் 1941 முதல் 1963 வரை டீனாக இருந்த எரிக் மில்னர்-வைட், இறக்கிய கண்ணாடியைத் திரும்ப ஏற்றும்போது குழம்பிக் கிடந்த காட்சிகளைத் தன் அறிவுக்கு எட்டியபடி மாற்றியும் அமைத்தார். பிந்தியவர்கள் அவற்றில் சிலவற்றை மறுபடி மாற்ற வேண்டி வந்தது. 1952இல் சுவிட்சர்லாந்துக் கலை வரலாற்றாளர் ஹான்ஸ் ஹான்லோசர் போன்றவர்களின் முயற்சியில் கோர்ப்பஸ் விட்ரேயாரும் தொடங்கியது. நாடு நாடாக மத்தியகாலக் கண்ணாடி முழுவதையும் பட்டியலிடும் வேலை. இழப்புக்குப் பிறகு பட்டியல் தேடுவது எனக்குப் புதிதில்லை. 2004 டிசம்பரில் கடல் வந்து போனபின் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் காணி உறுதி, பிறப்புப் பத்திரம் என்று கந்தோர் கந்தோராக அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோர்ப்பஸ் விட்ரேயாரும் அமைப்பின் இலக்க முறையில்தான் நானும் வேலை செய்கிறேன். பிரதான கிழக்குச் சாளரம் ஒன்று. அங்கிருந்து மேற்கே வரவர வடக்குப் பக்கத்துக்கு 'என்', தெற்குக்கு 'எஸ்' என்ற எழுத்தோடு இலக்கம் கூடும். சாளரத்துக்குள் வரிசைகள் கீழிருந்து மேலே இலக்கம், நிரல்கள் இடமிருந்து எழுத்து. ஒரு தேவாலயத்தின் எஸ் 7, 3பி என்றால் இந்த முறையில் வேலை செய்யும் எந்தப் பட்டறையும் ஒரே பலகத்தைத்தான் எடுக்கும். 1984இல் யோர்க் பேராலயத்தில் தீப்பிடித்து வட்டச் சாளரத்தின் சுமார் 7,000 துண்டுகளில் 40,000 வெடிப்புகள் விழுந்தன. அந்த நிலையில் நினைவை நம்பி என்ன செய்ய முடியும்? 2004இல் அந்த அமைப்பு வெளியிட்ட வழிகாட்டி, திருத்துமுன், திருத்தும்போது, திருத்தியபின் என்று மூன்று நிலையிலும் பதிவு கேட்கிறது. தோர்ன்டனின் சாளரத்தில் 311 பலகங்களை 2008 முதல் 2018 வரை யோர்க் கண்ணாடிப் பட்டறை திருத்தியபோது அப்படித்தான் செய்தார்கள்.

இனி மென்பொருள். படங்களுக்குப் பெயர் வைப்பது, அந்த இலக்கத்தில் கோப்புகளை அடுக்குவது, வெடிப்பின் நீளத்தைக் கூட்டுவது, அறிக்கையின் அட்டவணையை நிரப்புவது எல்லாம் அதனிடமே இருக்கட்டும். அந்த வேலையில் எனக்கு ஒரு பாசமும் இல்லை. பின்னால் வெளிச்சம் இருந்தால் ஈயம் கறுப்பு, கண்ணாடி வெளிச்சம். ஆகவே கோட்டையும் நன்றாகவே பிடிக்கிறது. தடுமாறும் இடம் வேறு. முகத்தின் குறுக்கே ஓர் ஈயப் பட்டி ஓடுகிறது. தோர்ன்டன் காலத்துக் கைவினைஞன் வைத்ததா, நானூறு வருடம் கழித்து வெடிப்பை மறைக்க ஒருவன் சொருகியதா? மென்பொருளுக்கு இரண்டும் கறுப்புக் கோடு. முகத்தை வெட்டிக்கொண்டு போகும் கோட்டை மூலக் கலைஞன் விரும்பியிருக்க மாட்டான் என்று ஊகித்து, பட்டியின் அகலத்தைப் பார்த்து, இரு பக்கத்துச் சாயமும் தொடர்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துத்தான் அதைப் பிற்காலத் திருத்தங்களுக்கான சிவப்பு அடுக்குக்கு மாற்றுகிறேன். இங்கே ஒரு தவறான நிறம் விழுந்தால், பட்டறையில் ஒருவர் அதை நம்பி ஈயத்தை எடுக்கலாம், எடுக்காமல் விடலாம். அதனால் இந்த ஒரு அடுக்கை இயந்திரத்திடம் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள். படத்தின் மூலையில் கோட்டை எது கீறியது, நிறத்தை யார் தீர்மானித்தார் என்று இரண்டு பெட்டிகள் இப்போது இருக்கின்றன.

எனக்கு ஆசை வேறொன்றில். கெய்ரோவின் பழைய பள்ளிவாசல்களிலும் ஜெரூசலத்தில் அக்ஸாவிலும் இருக்கும் சாளரங்களில் ஈயமே இல்லை. ஜிப்சப் பலகையில் பூவும் கொடியும் துளையாகச் செதுக்கி, பின்புறம் கண்ணாடித் துண்டுகளை ஜிப்சத்தாலேயே ஒட்டுவார்கள். கீழே நிற்பவரின் கண்ணுக்கு நேராக வெளிச்சம் விழத் துளைகளைச் சாய்வாக வெட்டுவதும் உண்டு. அக்ஸா வளாகத்திலேயே இந்த வேலைக்குப் பட்டறை இருக்கிறது. கெய்ரோவில் 1881இல் அமைந்த புராதனச் சின்னக் குழு தன் வேலைகளை அறிக்கைகளாக அச்சிட்டது. சுவிட்சர்லாந்தில் ரோமொன்ட் ஊரின் கண்ணாடி ஆய்வு மையமும் ஐரோப்பாவுக்குப் போன இத்தகைய சாளரங்களைத் தன் இணையத் தரவுத்தளத்தில் சேர்த்திருக்கிறது. இவற்றைக் கீற ஒரு படம் போதாது. முன்னால் தெரிவது துளையின் வடிவம், பின்னால் இருப்பது கண்ணாடியின் வடிவம், இரண்டும் ஒத்துப்போகாது. சாய்வான துளைக்குள் விழும் நிழல் கமராவை நகர்த்த நகர்த்த மாறும். ஈயமாவது அகலத்தில் காட்டிக்கொடுக்கும். ஜிப்சத்தில் மூலமும் திருத்தமும் ஒரே வெள்ளை. எங்கள் பட்டறைக்கு இப்படியொன்று இன்னும் வரவில்லை. வந்தால் அடுக்குகளுக்கு முதலிலிருந்து பெயர் வைக்க வேண்டும்.