நாற்பத்து நான்கும் நமது சுவஸ்திகமும்

பள்ளிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். தகப்பனார் காலத்தில் சூரியநெல்லிக்கு வந்து ஏலக்காய் வியாபாரத்தில் ஊன்றிக்கொண்டோம். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் படித்ததுதான் என் கல்வி. மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, எழுத வேண்டிய விஷயம் என் வீட்டிலேயே இருந்தது.

2024-ஆம் ஆண்டு என் பேரன் மேற்படிப்புக்காக ஜெர்மனி புறப்பட்டான். என் மனைவி வழக்கப்படி அவன் பெட்டியின் மேல்மூடியில் சந்தனத்தால் சுவஸ்திகம் இட்டாள். அவன் பதறிவிட்டான். “தாத்தா, இதோட அங்க போய் இறங்க முடியாது. ஜெர்சியில 44-னு நம்பர் போட்டதே அங்க பெரிய பிரச்சினை ஆயிடுச்சு” என்றான். “சாமி சின்னத்தை அழிக்கச் சொல்றியா?” என்று அவள் கண் கலங்கினாள். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ரெண்டு நாள் டைம் கேட்டேன்.

எண்ணில் என்ன குற்றம்?

2024-இல் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பைப் போட்டி ஜெர்மனியில் நடந்தது. அதற்கென மார்ச் மாதம் அடிடாஸ் நிறுவனத்தின் புது ஜெர்சி வெளிவந்தது. ரசிகர்கள் விரும்பிய பெயரும் எண்ணும் பதித்து வாங்கலாம். அதில் 4 என்ற எண்ணைக் கூர்மையாக, மின்னல் கீற்றுப் போல வரைந்திருந்தார்கள். இரண்டு நான்குகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது ஹிட்லரின் எஸ்.எஸ். படைச் சின்னம் போலத் தெரிந்தது. மிகாயேல் கோனிக் என்ற வரலாற்று அறிஞர் இதைச் சுட்டிக் காட்டினார். ஏப்ரல் 1-ஆம் தேதி 44 பதிப்பதை அடிடாஸ் நிறுத்தியது. தயாரிப்பின்போது யாருக்கும் அந்தச் சாயல் தோன்றவில்லை என்ற ஜெர்மன் கால்பந்துச் சங்கம், 4-க்கு வேறு வடிவம் செய்வதாக அறிவித்தது.

எஸ்.எஸ். என்பது ஹிட்லரின் மெய்க்காவல் படையாகத் தொடங்கி, வதைமுகாம்களை நடத்திய படை. பழைய ஜெர்மானிய எழுத்தில் மின்னல் போன்ற இரண்டு கீற்றுகளே அதன் சின்னம். அந்த ஆட்சியில் கொல்லப்பட்ட யூதர் மட்டும் சுமார் 60 லட்சம் பேர். 1946-இல் நியூரம்பர்க் நீதிமன்றம் எஸ்.எஸ்.ஸைக் குற்ற அமைப்பு என்றே தீர்ப்பளித்தது. இத்தகைய அமைப்புகளின் சின்னங்களைக் காட்டுவது ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவுப்படி குற்றம்.

இது முதல் முறையும் அல்ல. ஆங்கில எழுத்து வரிசையில் எட்டாவது எழுத்து ‘எச்’. ஆகவே 88 என்பதை ‘ஹெயில் ஹிட்லர்’ என்பதற்கு மறைகுறியாக நாஜி அபிமானிகள் வழங்குகிறார்கள். 2000-இல் இத்தாலியக் கோல்கீப்பர் புஃபோன் இதை அறியாமல் 88 அணிந்தார். யூத மக்கள் வருந்தினார்கள். அவர் 77-க்கு மாறிக்கொண்டார். 2023-இல் இத்தாலியக் கால்பந்தில் 88-ஆம் எண்ணையே விலக்கிவிட்டார்கள்.

ஜெர்சியில் இருந்த சுவஸ்திகம்

இதைவிட வியப்பான செய்தி ஒன்று. கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் வின்ட்சர் ஊரில் 1905 முதல் ‘சுவஸ்திகாஸ்’ என்றே பெயர் வைத்த ஐஸ் ஹாக்கி அணி இருந்தது. 1916-இல் எட்மண்டனில் பெண்கள் அணி ஒன்றுக்கும் அதே பெயர். மார்பில் சுவஸ்திகம் அணிந்தே விளையாடினார்கள். அன்று அது அவர்களுக்கு அதிர்ஷ்டச் சின்னம். 1920-இல் நாஜிக் கட்சி அதைக் கொடியில் ஏற்றிய பிறகே களங்கம் வந்து சேர்ந்தது. 1940-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் நவாஹோ, ஹோப்பி முதலிய பழங்குடியினர், கூடையிலும் போர்வையிலும் இனி அச்சின்னத்தை இடுவதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். அவர்கள் முன்னோர் தந்த சின்னம் அது!

நமக்கோ அது அதைவிட ஆழமானது. மதுராவில் கங்காளி தீலா என்னும் மேட்டில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான சமண வழிபாட்டுக் கற்பலகைகளில் சுவஸ்திகம் உண்டு. ஏழாம் தீர்த்தங்கரர் சுபார்சுவநாதரின் இலாஞ்சனையும் அதுவே. நான்கு கைகள் தேவர், மக்கள், விலங்கு, நரகர் என்னும் நாற்கதி. மேலே இடும் மூன்று புள்ளிகள் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணி. அதற்கும் மேலுள்ள பிறை வீடுபேற்று நிலை. எவ்வுயிரையும் கொல்லாதே என்று சொல்லும் சமயத்தின் சின்னம், கொலைக்களத்தின் கொடியில் ஏறியதை என்னவென்று சொல்வது!

அப்படியானால் விட்டுவிடலாமா? வட அமெரிக்கச் சமணச் சங்கங்களின் கூட்டமைப்பு தன் முத்திரையில் சுவஸ்திகத்துக்குப் பதில் ஓம் வைத்துக்கொண்டது. கலிபோர்னியாவிலோ, 2022-இல் வந்த சட்டம் நாஜிச் சின்னத்தை அதன் ஜெர்மன் பெயரால் குறித்து, நமது சுவஸ்திகத்தை அதிலிருந்து பிரித்தது. இரண்டு வழியும் உண்டு.

என் தீர்ப்பு

என் தராசு சரியானதுதான். ஆனாலும் வாங்க வந்தவர் சந்தேகப்பட்டால் மறுபடி நிறுத்துக் காட்டுகிறேன். அதில் எனக்கு அவமானம் இல்லை. என் தராசையும் நான் தூக்கி எறிவதில்லை. 44-ஐ நிறுத்தியதால் யாருக்கும் நஷ்டமில்லை. எழுத்தின் வடிவத்தை மாற்றினால் போதும். சுவஸ்திகத்தை விட்டால் நம் வேர் போகும். ஆனால் அதைக் கண்டதும் தாத்தாவையும் பாட்டியையும் பறிகொடுத்த நினைவு ஒருவருக்கு வருமென்றால், அவர் கண்ணெதிரே அதை நீட்டுவது அகிம்சை ஆகாது. நம் மனம் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. பார்க்கிறவர் மனப் புண்ணையும் எண்ண வேண்டும். அநேகாந்தம் என்று நம் பெரியோர் போதித்தது இதைத்தானே?

இதை வீட்டில் சொன்னேன். என் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஈரத்துணி எடுத்துப் பெட்டி மூடியைத் தானே துடைத்தாள். பேரனின் தோத்திரப் புத்தகத்தை வாங்கி, உள்பக்கத்தில் மூன்று புள்ளியும் பிறையுமாகச் சுவஸ்திகம் வரைந்து கொடுத்தாள். “யாராச்சும் கேட்டா ஒளிக்காதே. அர்த்தம் சொல்லு. அவங்க கதையையும் கேளு” என்றாள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல. சின்னத்தைக் கொடுத்தனுப்பும்போது அதன் சரித்திரத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.