பெண்குரலில் பாடிய சிறுவன்

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனியை வாசித்தது. நான்கு பகுதிகள் கொண்ட படைப்பு. எங்கள் திருவரங்குளத்தில் டீக்கடை வரை அதே பேச்சு. அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. ஆனால் அன்று உலக மகளிர் நாள் என்பதையும் இந்தச் செய்தியையும் சேர்த்துப் பேசிய ஒருவரையும் நான் பார்க்கவில்லை. ஒரு சிம்பொனியை எழுதியவர் ஒருவர்; அவரை உருவாக்கிய காலத்தில் பலர் இருந்தார்கள். அந்தப் பலரில் பெண்கள் எங்கே?

இளையராஜா 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளின் பாடகர். கேரளத்தில் 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் என்ற பெண். தேயிலைத் தோட்டத் தமிழர்களிடம் வாக்குக் கேட்டுப் பாடியது பாவலர் குழு. அந்தக் குழுவில் சேர்ந்த தம்பி ராஜாவுக்கு, குரல் உடையும்வரை, கிடைத்த வேலை பெண்குரலில் பாடுவது.

ஒரு பெண் சட்டமன்றம் போக முடிந்த காலம் அது. ஆனால் மேடையில் பெண்ணின் பாட்டைப் பாட ஒரு பையன் தேவைப்பட்டான். ஏன்? விடையின் ஒரு பகுதி எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்த மரபில் இசை, பெண்ணின் கல்வியாகவும் பிழைப்பாகவும் இருந்தது. பின்னர் அதுவே அவள்மீது சுமத்தப்பட்ட பழியாகவும் ஆனது. மேடையேறிப் பாடுகிறவள் ‘குடும்பப் பெண்’ அல்ல என்ற எண்ணம் எல்லாச் சாதிப் பெண்களின் வாயையும் கட்டியது. பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் சேலை கட்டி நாயகி ஆனதற்கும் இந்த எண்ணம் துணை நின்றது.

சிம்பொனி பிறந்த ஐரோப்பாவிலும் கதை வேறில்லை. ஃபேனி மெண்டல்சன் எழுதிய சில பாடல்கள் தம்பி ஃபெலிக்ஸின் பெயரில் அச்சேறின. 1842இல் தொடங்கிய வியன்னா பில்ஹார்மோனிக், பெண்களை முழு உறுப்பினராக ஏற்றது 1997இல்தான். அங்கே பெண்ணின் இசைக்கு ஆணின் பெயர். இங்கே பெண்ணின் பாட்டுக்கு ஆணின் தொண்டை.

1968இல் ராஜாவும் சகோதரர்களும் சென்னைக்குக் கிளம்பியபோது, தாய் சின்னத்தாயி வீட்டு வானொலிப் பெட்டியை விற்று 400 ரூபாய் கொடுத்து அனுப்பினார். இதை நாம் ‘தாயின் தியாகம்’ என்று சொல்லிக் கண்கலங்கி நகர்ந்துவிடுகிறோம். நான் இதை முதலீடு என்று எழுத விரும்புகிறேன். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைக்குறிப்பைக் கற்கத் தொடங்கும் முன்பே, அந்தக் கல்விக்கான முதல் தொகை ஒரு கிராமத்துப் பெண்ணின் கையிலிருந்து வந்துவிட்டது. அதற்காக அவர் விட்டுக்கொடுத்தது வீட்டிலிருந்த இசையை.

1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. எஸ். ஜானகியின் குரலில் கிராமத்துப் பெண்ணின் பாட்டு, வயலின் கூட்டத்தோடு ஒலித்தது. இந்த முறை பாடியது பெண்தான். ஆனாலும் தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி, கும்மி என்று அந்தப் பாட்டின் வேர்களை வளர்த்த பெண்களை இசையமைப்பாளர் என்று யாரும் அழைக்கவில்லை. ஒப்பாரிக்காரி இறந்தவரின் வாழ்க்கையைக் கேட்டறிந்து அந்த இடத்திலேயே சொல்லும் மெட்டும் கட்டுகிறாள். தாளில் எழுதினால் அது இசையமைப்பு. துக்க வீட்டில் செய்தால் ‘வழக்கம்’.

எங்கள் பகுதியில் முளைப்பாரிக்கு இன்றும் கும்மி உண்டு. நடவு இயந்திரம் வந்த வயல்களில் பாட்டு நின்றுவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் கைபேசியோடு வந்து பாட்டிகளைப் பாடச்சொல்லிப் பதிவு செய்கிறார்கள், நல்ல காரியம். கோப்புக்கு ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று பெயர் வைத்துவிட்டுப் போகிறார்கள். பாடியவரின் பெயர் அதில் இல்லை.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை பதிவு செய்யும்போது பாடியவரின் பெயர், வயது, ஊர், யாரிடம் கற்றார், எந்த வரியை அவரே கட்டினார் என்று கேட்டு எழுதுங்கள். பெயரை வெளியிட அவர் சம்மதிக்கிறாரா என்றும் கேளுங்கள். இசையமைப்பாளர் என்ற சொல்லை அவருக்கும் பயன்படுத்துங்கள். லண்டன் அரங்கம் வரை போன இசைக்கு வரலாறு எழுதும்போது, அந்தப் பெயர்கள் நம் கையில் இருக்க வேண்டும்.