நானேதான் பிள்ள

2014இல் என் அம்மா பத்தாம் வகுப்புத் தேர்வெழுதப் போனபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. தேர்வு மைய வாசலில் நின்றவர், "பிள்ளைய விட வந்தவங்கள்லாம் கேட்டுக்கு வெளிய நில்லுங்கம்மா" என்றார். அம்மா நுழைவுச்சீட்டை நீட்டினார். "நானேதான் பிள்ள" என்றார். கூட நின்ற நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

இந்தத் தாமதம் என் அம்மாவின் சொந்தத் தாமதமா? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் நிலைமை குறித்து எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. 1893இல் சேரிப் பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள், ஆசிரியப் பயிற்சிக்கு உதவித்தொகை என்று கல்வி ஆணை வந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1916இல் சுவாமி சகஜானந்தா சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். 1920களில் தொழிலாளர் துறை சேரிகளில் பள்ளிகள் நடத்தியது. அந்த மரபில் வந்தவைதான் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். தனிப் பள்ளி ஏன் தேவைப்பட்டது? ஊர்ப் பள்ளிக்கூடம் நம்மை உள்ளே விடவில்லை என்பதால்தான். சலுகை என்று இன்றைக்குப் பேசுகிறவர்கள் இதை மட்டும் பேசமாட்டார்கள்.

திறந்த கதவையும் பாதியில் சாத்தப் பார்த்தார்கள். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டப்படி கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரைநாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். எதிர்ப்பு கிளம்பி, 1954இல் காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது. சட்டத்தில்தான் ஒழிந்தது. 1982இல் என் அம்மாவை ஆறாம் வகுப்போடு நிறுத்தியது எந்த அரசாணையும் இல்லை. ஆயா நடவுக்குப் போனால் கைக்குழந்தையாக இருந்த மாமாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. "தம்பிய இடுப்புல வச்சிக்கிட்டே பள்ளிக்கூடம் போனன். வாத்தியாரு வெளிய நில்லுன்னுட்டாரு. நின்னு பாத்துட்டு வந்துட்டன்." இவ்வளவுதான் அம்மாவின் படிப்பு நின்ற கதை. 14 வயதுவரை எல்லாருக்கும் கட்டாய இலவசக் கல்வி தர அரசியல் சட்டம் விதித்த பத்தாண்டுக் கெடு அதற்கு இருபத்திரண்டு வருஷம் முன்பே, 1960இல், முடிந்திருந்தது.

2008இல் எங்கள் காலனிப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் வேலை காலி என்றார்கள். அம்மா மனு போட்டார். பத்தாவது தேறவில்லை என்று மனு திரும்பி வந்தது. அன்றைக்கு ராத்திரி, "நீதான் படிக்கிறியே பாப்பா, எனக்கும் சொல்லிக் குடு" என்றார்.

தனித்தேர்வராகப் பத்தாவது எழுதுவதென்றால் முதலில் எட்டாவது தேறியிருக்க வேண்டும். நடவு, களை, நூறுநாள் வேலை போக ராத்திரியில்தான் படிப்பு. எட்டாவது தேறவே 2011 ஆகிவிட்டது. பிறகு பத்தாவது. அப்போது தமிழும் ஆங்கிலமும் இரண்டிரண்டு தாள், மொத்தம் ஏழு தாள். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் போகவேண்டும்; போகிற நாளெல்லாம் கூலி போச்சு. முதல் தடவை கணக்கில் 27. துணைத்தேர்வில் 38. தேறிவிட்டார்.

ஆனால் அமைப்பாளர் வேலைக்கு வயது வரம்பு 40. அம்மா எட்டாவது முடிப்பதற்குள்ளேயே அது தாண்டிவிட்டது. படிக்கிற வயதில் படிக்கவிடவில்லை. படித்து முடித்தால் வயது போய்விட்டது என்கிறார்கள். இரண்டு பூட்டு. ஒன்றைத் திறப்பதற்குள் இன்னொன்று விழுந்துவிடுகிறது.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. பள்ளிப் படிப்பை முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பெற்ற பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009இல் தமிழக அரசு ஆணையிட்டது. 2015இல் அரியானா, பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் பொதுப்பிரிவு ஆண்களுக்குப் பத்தாவது, பெண்களுக்கும் தலித்துகளுக்கும் எட்டாவது, வார்டு உறுப்பினராக நிற்கும் தலித் பெண்ணுக்கு ஐந்தாவது என்று சட்டம் போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. நல்லது கெட்டதைப் பிரித்தறியும் ஆற்றலைக் கல்விதான் தருகிறதாம். பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட குழந்தைக்குத் தன்னை நிறுத்தியது நல்லதா கெட்டதா என்று தெரியாதா? நிறுத்தியவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

அதற்காகச் சான்றிதழே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எம்.ஏ. முடித்த நான் அப்படிச் சொல்வது சுலபம். வயது வரம்பைக் கல்வி மறுக்கப்பட்டவர்களுக்குத் தளர்த்து, தனித்தேர்வு எழுதும் கூலிக்காரருக்குத் தேர்வு நாள் கூலி கொடு, காலனிதோறும் இரவுப் பள்ளி நடத்து. நாம் கேட்க வேண்டியவை இவை. 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே இருக்கிற நம் அம்மாக்களுக்கு எந்தச் சட்டம்?

வேலை கிடைக்காது என்று தெரிந்தும் ஏன் எழுதினாய் என்று அம்மாவைக் கேட்டேன். மதிப்பெண் பட்டியலைப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"எது இல்லன்னு என் மனுவத் திருப்பி அனுப்புனாங்களோ, அது எங்கிட்ட இருக்கணும்."