ஓட்டை உடைசலில் ஒரு புல்வெளி

1943. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஆசிரியையாக இருந்த ரோசலி, கடல் கடந்து கான்பெர்ராவில் வந்திறங்கினார். அங்கே பென் காஸ்கோய்னைக் கைப்பிடித்தார். அவர் மவுண்ட் ஸ்ட்ரோம்லோ ஆய்வகத்தில் வானியலாளர். குடித்தனம் மலைமேல். அக்கம்பக்கத்தில் பேச்சுத்துணைக்குக்கூட அதிகம் பேர் கிடையாது.

மூன்று பிள்ளைகளை வளர்த்தபடியே ரோசலி அந்த மலைச்சரிவுகளில் நடந்து திரிந்தார். காய்ந்த புல், கல், மரப்பட்டை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து அடுக்கினார். அறுபதுகளில் ஜப்பானிய மலர்க்கலையான இகெபானா கற்றார். குரு நார்மன் ஸ்பார்னன். கோடும் வடிவமும் வெற்றிடமும் அங்கே பிடிபட்டன. ஆனால் பூ வாடிவிடுமே! அவர் பார்வை, பண்ணைகளில் துருப்பிடித்துக் கிடந்த இரும்புச் சாமான்கள் பக்கம் திரும்பியது.

1974இல் கான்பெர்ராவில் முதல் கண்காட்சி. அப்போது அவருக்கு வயது 57. அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. 1978இல் மெல்போர்னில் விக்டோரியா தேசியக் கலைக்கூடம் அவருக்குக் கண்காட்சி வைத்தது. 1982இல் வெனிஸ் பியன்னாலே என்னும் சர்வதேசக் கலைக் கண்காட்சியில் ஓவியர் பீட்டர் பூத்துடன் ஆஸ்திரேலியாவின் பிரதிநிதியானார். அந்த மேடையில் ஆஸ்திரேலியா சார்பில் நின்ற முதல் பெண் அவர்தான். இதைத் தாமதமான தொடக்கம் என்பார்கள். ஓவியப் பள்ளியின் படியேறாத அவருக்கு அந்த மலைவாசமே பள்ளிக்கூடம். 1974இல் நடந்தது அரங்கேற்றம். பயிற்சி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

அந்தப் பயிற்சியின் பலனை 1989இல் செய்த 'மொனாரோ'வில் பார்க்கலாம். கச்சாப்பொருள், ஷ்வெப்ஸ் குளிர்பான பாட்டில்களை அடுக்கிவந்த பழைய மஞ்சள் மரப்பெட்டிகள். அவற்றைச் சிறு சிறு கீற்றுகளாக அறுத்து, வளைவு வளைவாக ஒட்டினார். அறுபட்ட கம்பெனிப் பெயரின் கறுப்பு எழுத்துகள் வெறும் கீறல்களாகச் சிதறின. நான்கரை மீட்டர் அகலத்துக்கு விரியும் அந்த மஞ்சளில், கான்பெர்ராவுக்குத் தெற்கே கிடக்கும் மொனாரோ புல்வெளி காற்றில் அலையடிக்கிறது. புல்லையோ குன்றையோ அவர் வரையவேயில்லை.

புதுப் பலகை, புதுத் தகரம் என்றால் அவருக்கு ஆகாது. வெயிலும் மழையும் வேலையைத் தொடங்கிவைத்த பொருள்தான் வேண்டும். கழித்துப்போட்ட சாலைப் பலகைகளையும் விடவில்லை. வாகன விளக்கொளியை வந்த திசைக்கே திருப்பும் பலகைகள் அவை. அவற்றை வெட்டி ஒட்டிய படைப்புகள், ஓரிடத்தில் நின்று பார்த்தால் மங்கும். வெளிச்சம் வாகாக அமைந்தால் தகதகக்கும்.

1999இல், 82 வயதில் மறையும்வரை அவர் கை ஓயவில்லை. இன்று ஆஸ்திரேலியாவின் பெரிய கலைக்கூடங்களில் அவர் படைப்புகள் இருக்கின்றன. 'மொனாரோ' இருப்பது பெர்த் நகரில்.

அடுத்த வாரம்: அடிலெய்டில் பிறந்து, அச்சோவியத்திலும் நாவலிலும் ஒருசேரக் கைவைத்த பார்பரா ஹன்ராஹன்.

(தொடரும்)